காலநிலை ஆய்வென்று வந்து கேட்டால் எதற்கு ஓம் சொல்லலாம்?

காலநிலை மாற்றம் பற்றி வன்னிச் சனம் என்ன நினைக்கிறது என்று கேட்டு வருகிறவர்கள் பல வகை. கம்பஸ் பிள்ளைகள் வினாக்கொத்தோடு வீடு வீடாக வருகிறார்கள். தொண்டு நிறுவனக்காரர் பொதுநோக்கு மண்டபத்தில் பத்துப் பேரை இருத்திக் கதைக்கிறார்கள். வெளிநாட்டில் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கிற ஒருவர் மொழிபெயர்ப்பாளரையும் கூட்டிக்கொண்டு வந்து வரம்பில் நின்று இரண்டு மணித்தியாலம் கேட்கிறார். இதெல்லாம் போக வட்ஸ்அப்பில் ஒரு லிங்க். எல்லாவற்றுக்கும் போக யாருக்கும் நேரமில்லை. ஒன்றுக்குமே போகாமல் இருப்பதும் சரியில்லை, ஏனென்றால் நாங்கள் சொல்லாததை வேறு யாராவது எங்களுக்காகச் சொல்லிவிடுவார்கள். என்னுடைய முடிவை முதலே சொல்லிவிடுகிறேன்: வீடு தேடி வருகிற கணக்கெடுப்பைத் தட்டாதீர்கள், நீங்களாகத் தேடிப் போய்ச் சேர்வதென்றால் வயலிலோ கடற்கரையிலோ நின்று ஆறுதலாகக் கதைக்கிற நேர்காணலுக்குப் போங்கள், குழுவென்றால் யார் யார் வருகிறார்கள் என்று கேட்டுவிட்டுப் போங்கள், லிங்க் கடைசி.

முதலில் அந்த வினாக்கொத்து. இதைத்தான் எங்கள் சனம் அதிகம் வெறுக்கிறது, காரணமும் விளங்குகிறது. 2009க்குப் பிறகு மீள்குடியேறி வந்த நாளிலிருந்து பதிவு, பதிவு என்று எத்தனை படிவம் நிரப்பினோம், குடும்ப அட்டைப் பிரதி எத்தனை பேருக்குக் கொடுத்தோம், கணக்கே இல்லை. அந்தக் களைப்பில் “எங்களிட்டக் கேட்டு என்ன வரப்போகுது, பக்கத்து வீட்டில கேளுங்கோ” என்று அனுப்பிவிடுகிறோம். ஆனால் ஒழுங்காகச் செய்கிற கணக்கெடுப்பில் பக்கத்து வீடு உங்களுக்குப் பதிலாக முடியாது. வாக்காளர் இடாப்பு மாதிரி ஒரு பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த வீடுகள் அவை. மறுக்கிறவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி ஆட்களாக இருந்தால், விடிய முதலே கூலிவேலைக்குப் போகிறவர்கள் அல்லது கடன் கட்டிக் கட்டிச் சலித்துப்போனவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள், அவர்களுடைய கருத்து முடிவில் இருக்கவே இருக்காது. வீட்டில் இருந்து ஓய்வாகப் பதில் சொல்லக்கூடியவர்களின் கருத்துத்தான் ஊரின் கருத்தாகிவிடும்.

இதைக் கணக்காகவே பார்க்கலாம். உலகளவில் நடக்கிற கருத்துக்கணிப்புகளில் ஒரு நாட்டுக்குச் சுமார் 1000 பேரைக் கேட்பது வழக்கம். நாடு முழுவதையும் பற்றிச் சொல்ல அது போதும், மேலே கீழே 3 சதவீதம் அளவில்தான் பிழை வரும். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நாட்டில் 2 கோடி 3 இலட்சம் பேர், கிளிநொச்சி மாவட்டத்தில் 1 இலட்சத்து 13 ஆயிரம் பேர், முல்லைத்தீவில் 92 ஆயிரம் பேர். அப்படியென்றால் 1000 பேரில் கிளிநொச்சிக்கு ஐந்தாறு பேர், முல்லைத்தீவையும் சேர்த்தால் பத்துப் பேர் வரை. அந்தப் பத்தில் நீங்கள் ஒருவரென்றால் ஏறத்தாழ 20 ஆயிரம் பேருக்காகப் பதில் சொல்கிறீர்கள். அந்த அரை மணித்தியாலத்தைப் பக்கத்து வீட்டுக்குத் தள்ளிவிடலாமா?

இன்னொன்றையும் கவனியுங்கள். நல்ல கணக்கெடுப்பென்றால் வந்தவர் கதவடியில் நின்று “வீட்டில வளர்ந்த ஆக்கள் எத்தனை பேர், அதில அடுத்த பிறந்தநாள் ஆருக்கு வருது” என்று கேட்கக்கூடும். இதென்ன தேவையில்லாத கேள்வி என்று தோன்றும். வீட்டுக்குள்ளும் ஆளைத் தாங்களாகத் தெரிவுசெய்யாமல் இருப்பதற்கான முறை அது. பிறந்தநாள் அம்மம்மாவுக்கு வந்தால் அம்மம்மாவைத்தான் கேட்க வேண்டும். நாங்கள் என்ன செய்கிறோம்? “அவவுக்கு ஒண்டும் தெரியாது, தம்பி ஏ.எல். படிச்சவன், அவனைக் கேளுங்கோ” என்று தம்பியை முன்னுக்குத் தள்ளுகிறோம், இல்லாவிட்டால் ஆம்பிளை வரட்டும் என்று பிற்பகல் வரச் சொல்கிறோம். கணவனை இழந்து தனியாகக் குடும்பம் நடத்துகிற பெண்கள் இவ்வளவு பேர் இருக்கிற மண்ணில் அது மிகவும் பிழையான பழக்கம். கிணறு வற்றுவதை முதலில் காண்பது தண்ணீர் அள்ளுகிறவர்தான். அவருக்குத் தெரியாத காலநிலை என்ன இருக்கிறது? கேட்டதில் ஒன்று தெரியாவிட்டால் “தெரியாது” என்று சொல்லலாம், அதுவும் முறையான பதில்தான், அதற்கும் பெட்டி இருக்கும்.

சரி, இதன் குறை என்ன? கேள்விகள் சின்னப் பெட்டிகளுக்குள் அடங்க வேண்டும் என்பதுதான். “கடந்த 10 ஆண்டுகளில் உங்கள் பிரதேசத்தில் மழை குறைந்துள்ளது: முற்றாக உடன்படுகிறேன், உடன்படுகிறேன், நடுநிலை...” என்று ஐந்து தெரிவுகள் இருக்கும். இதற்கு ஒரு கமக்காரர் எதைச் சொல்வது? அவருடைய பிரச்சினை மழை குறைந்ததா கூடினதா என்பதல்ல. புரட்டாதியில் புழுதி விதைப்பு விதைத்துவிட்டு இருக்கிறார், ஒரு மழை பெய்து நெல் முளைக்கிறது, அதற்குப் பிறகு வர வேண்டிய மழை வராமல் முளைத்தது கருகுகிறது, திரும்ப விதைநெல் வாங்க வேண்டும், பிறகு கார்த்திகை மார்கழியில் எல்லாம் சேர்ந்து ஒரேயடியாகக் கொட்டுகிறது, கடைசியில் தை மாசியில் கதிர் முற்றி வெட்டு மெஷினுக்குக் காத்திருக்கிற நேரத்தில் இன்னொரு மழை வந்து பயிரைச் சாய்த்துவிடுகிறது. ஆண்டு மழையைக் கூட்டிப் பார்த்தால் குறைவே இல்லாமல் இருக்கலாம். ‘நடுநிலை’ என்று போட்டால், இந்த ஆளுக்கு ஒரு மாற்றமும் தெரியவில்லை என்றல்லவா பதிவாகும்?

அதைவிடச் சிக்கலான கேள்விகளும் உண்டு. ‘சூழலைப் பாதுகாக்க அரசாங்கம் கடுமையான நடவடிக்கை எடுக்க வேண்டுமா?’ என்று கேட்டால், வன்னியில் வயல் செய்கிற யாருக்கும் 2021 நினைவுக்கு வரும். இரசாயன உரத்தை ஒரேயடியாக நிறுத்தி, அதே ஆண்டு கார்த்திகையில் தடையை எடுத்தபோது விதைப்பு முடிந்துவிட்டது, அந்தக் காலபோகம் விளைச்சல் விழுந்தது. அதை நினைத்துக்கொண்டு ‘வேண்டாம்’ என்று சொல்கிறவரைச் சூழலில் அக்கறையில்லாதவர் என்று பட்டியலில் போட்டால் அது அநியாயம். காற்றாலைக் கேள்வியும் அப்படித்தான். மன்னார்த் தீவில் தம்பபவனி காற்றாலைப் பண்ணையின் 30 காற்றாலைகள் ஏற்கெனவே நிற்கின்றன, 2025இல் புதிய காற்றாலைகள் வேண்டாம் என்று மன்னார்ச் சனம் வீதியில் இறங்கியது. அங்கே போய் ‘காற்று மின்சாரத்தை ஆதரிக்கிறீர்களா?’ என்று கேட்டால் ஆம் இல்லை இரண்டுமே பொய்யாகிவிடும். காற்று மின்சாரம் நல்லது, எங்கே நடுகிறீர்கள், வெள்ளம் வடிகிற வழியை மறிக்குமா, யாரைக் கேட்டுவிட்டு நடுகிறீர்கள் என்பதுதான் அவர்களுடைய பதில். இப்படியான இடங்களில் பெட்டியில் அடையாளம் போட்டுவிட்டுச் சும்மா இருக்காதீர்கள், “இதைப் பக்கத்தில எழுதுங்கோ தம்பி” என்று சொல்லுங்கள். நல்ல மாணவன் எழுதுவான். கடதாசியில் இல்லாமல் டப்பில் (டேப்லெட்டில்) பதிகிறவர்கள் என்றால் குறிப்பு எழுதுகிற இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

இவ்வளவு குறை இருந்தும் நான் ஏன் கணக்கெடுப்பைத் தட்ட வேண்டாம் என்கிறேன்? எண்ணுக்கு இருக்கிற பலம் வேறெதற்கும் இல்லை. 2024இல் வெளிவந்த ஒரு ஆய்வில் 125 நாடுகளில் ஏறத்தாழ 1 இலட்சத்து 30 ஆயிரம் பேரைக் கேட்டார்கள். காலநிலை மாற்றத்துக்கு எதிரான வேலைக்கு வீட்டு வருமானத்தில் நூறுக்கு ஒரு ரூபா கொடுக்கத் தயார் என்றவர்கள் 69 சதவீதம். உங்கள் நாட்டில் மற்றவர்களில் எத்தனை பேர் கொடுப்பார்கள் என்று நினைக்கிறீர்கள் என்று கேட்டபோது வந்த மதிப்பீடு சராசரி 43 சதவீதம்தான். கொடுக்கத் தயாரானவர்களே மற்றவன் கொடுக்கமாட்டான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். இரணைமடுக் குளத்தின் கீழ் சிறுபோகக் (கோடை நெற்செய்கைக்) கூட்டத்துக்குப் போனவர்களுக்கு இது புதுக்கதையில்லை. குளத்துத் தண்ணீரைப் பார்த்து விதைக்கிற ஏக்கரைக் குறைக்கிற கூட்டத்தில், மற்றவன் குறைத்தால் நானும் குறைப்பேன் என்றுதான் எல்லோரும் மனதுக்குள் வைத்திருப்பார்கள், வாய்திறந்து முதலில் சொல்ல ஆளிருக்காது. வாய்க்குள் இருப்பதை எண்ணி வெளியே வைக்க ஒழுங்கான கணக்கெடுப்பை விட்டால் வேறு வழி எனக்குத் தெரியவில்லை.

அடுத்தது நேர்காணல். நீங்களாகத் தெரிவுசெய்யலாம் என்றால் இதுதான் என் தெரிவு. மண்டபத்திலோ அலுவலகத்திலோ இருந்தல்ல, வயலில், வாய்க்கால் கட்டில், வாடியில் இருந்து. ஏன் என்றால், இங்கே ஒருவர் காலநிலை பற்றி என்ன நினைக்கிறார் என்பது அவர் என்ன செய்கிறார் என்பதில்தான் இருக்கிறது. நாலு மாத நெல்லை விட்டுவிட்டு ஏன் மூன்றரை மாதத்துக்கோ மூன்று மாதத்துக்கோ போனார், குழாய்க்கிணறு அடிக்க ஏன் நகையை அடகு வைத்தார், பூநகரிப் பக்கம் கிணற்றுத் தண்ணீர் உவர்க்கத் தொடங்கினதும் எதை நடுவதை நிறுத்தினார், இப்படி. “நீங்கள் காலநிலை மாற்றத்தை நம்புகிறீர்களா?” என்று கேட்டால் வராத பதில், “இந்தத் துண்டுக் காணியை ஏன் சும்மா விட்டிருக்கிறியள்?” என்று காட்டிக் கேட்டால் வரும்.

2018 மார்கழி வெள்ளத்தை எடுத்துக்கொள்வோம். இரணைமடுவின் வான்கதவுகள் திறக்க, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் மூழ்கின. அதற்கு என்ன காரணம் என்று இன்றைக்குக் கேட்டாலும் பலர் கதவு திறந்த நேரத்தைப் பற்றித்தான் கதைப்பார்கள். வினாக்கொத்தில் இது ‘வெள்ளத்துக்கும் காலநிலை மாற்றத்துக்கும் தொடர்பில்லை என்கிறார்’ என்று போய்விடும். ஆறுதலாகக் கேட்கிறவருக்கு அதே ஆள் இரண்டையும் சொல்வார்: மழை முந்தி இப்படி ஒரே இரவில் கொட்டாது, அது உண்மை, ஆனால் கொட்டுகிற மழைக்கு ஏற்ற மாதிரிக் குளத்தை நடத்தவும் வேண்டும். இது விளக்கமில்லாதவர் சொல்கிற கதையா? மழை மாறினால் நிர்வாகமும் மாற வேண்டும் என்று சொல்கிற தெளிவான நிலைப்பாடு அது, ஒரு பெட்டிக்குள்ளும் அடங்காது. 2007, 2008இல் 119 நாடுகளில் கேட்ட பதில்களை வைத்து 2015இல் வந்த ஒரு ஆய்வு, உலகில் வளர்ந்தவர்களில் 40 சதவீதம் அளவானவர்கள் காலநிலை மாற்றம் என்று ஒன்றைக் கேள்விப்பட்டதே இல்லை என்று சொன்னது. அதே ஆய்வுதான், ஆசிய ஆபிரிக்க நாடுகள் பலவற்றில் ஆபத்தை உணர்வதோடு மிகவும் நெருங்கி நிற்பது தங்கள் ஊரின் வெப்பம் மாறுவதைத் தாங்களே கண்டதுதான் என்றும் காட்டியது. கண்டதைச் சொல்ல நேரம் வேண்டும், நேர்காணல் அதைத் தருகிறது.

இதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, அதைப் பலர் யோசிப்பதில்லை. அறிக்கையில் பெயர் போடமாட்டோம் என்பார்கள், போடவும் மாட்டார்கள். ஆனால் ‘இடதுகரை வாய்க்காலின் கடைசியில் இரண்டு ஏக்கர் செய்கிற, மூன்று பெண்பிள்ளைகளின் தாய்’ என்று எழுதினால் ஊருக்குள் ஆளைத் தெரியாதா? தண்ணீர்ப் பங்கீட்டைப் பற்றியோ ஒரு உத்தியோகத்தரைப் பற்றியோ நீங்கள் மனம்விட்டுச் சொன்ன ஒரு வரி அந்த விவரத்தோடு அச்சில் வந்தால் பிறகு முகம் பார்க்க வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே கதைத்து முடிந்ததும், எந்த விவரங்களை மாற்றி எழுதுவீர்கள் என்று கேளுங்கள். ரெக்கோடிங்கில் ஒரு பகுதியை அழிக்கச் சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

குழுக் கலந்துரையாடல் பற்றி எனக்கு இரண்டு மனம். நன்றாக நடந்தால் இதைப்போல ஒன்றுமில்லை. எட்டுப் பத்துப் பேர் வட்டமாக இருந்து, எந்த ஆண்டு குளம் வான் பாய்ந்தது, எந்த ஆண்டு சிறுபோகமே செய்யவில்லை என்று ஆளுக்காள் திருத்தித் திருத்திச் சொல்லும்போது ஒருவருக்கும் தனியாக நினைவில்லாத வரலாறு வெளியே வரும். ஒருவர் நிஷா புயல் என்பார், இன்னொருவர் இல்லை அது 2008, நீ சொல்லுறது புரேவி, 2020 என்பார், மூன்றாமவர் தன் மகள் பிறந்த ஆண்டை வைத்துத் தீர்த்து வைப்பார்.

கூடாமல் நடந்தால் முழு நாளும் வீண். முன்வரிசைக் கதிரைகளில் கமக்கார அமைப்புத் தலைவர், ஓய்வுபெற்ற அதிபர், சங்கச் செயலாளர். பின்னால் பெண்கள், அதற்கும் பின்னால் சொந்தக் காணி இல்லாத தொழிலாளர்கள். முதலாவது ஆள் பத்து நிமிடம் கதைப்பார், அதற்குப் பிறகு எல்லோரும் “ஓம், ஐயா சொன்னதுதான்” என்பார்கள், அறிக்கையில் ‘சமூகம் ஒருமித்த கருத்தைக் கொண்டிருந்தது’ என்று வரும். ஒருமித்த கருத்தெல்லாம் இல்லை. குளத்தில் தண்ணீரை மறித்து வைக்க வேண்டும் என்பது வயல்காரர் கருத்து, கடலேரிக்கு நன்னீர் வந்தால்தான் இறால் படும் என்பது நந்திக்கடலிலோ நாயாற்றிலோ வலை போடுகிறவர் கருத்து, இரண்டு பேரையும் ஒரே வட்டத்தில் இருத்தினால் ஒருவர் வாயைத் திறக்கமாட்டார். பெண்களுக்குத் தனிக்குழு, கூலித் தொழிலாளருக்குத் தனிக்குழு, கடற்றொழிலாளருக்குத் தனிக்குழு என்று பிரித்து வைக்கிறார்களா என்று கூப்பிடும்போதே கேட்டுவிடுங்கள். பிரித்தால் போங்கள், மாதர் சங்கத்து அக்காமாரையும் கட்டாயம் கூட்டிக்கொண்டு போங்கள். எல்லோரையும் ஒன்றாகத்தான் கூப்பிடுவோம் என்றால், அந்த ஆய்வாளரிடம் தனியாக ஒரு நேர்காணல் தரலாம் என்று சொல்லிப் பாருங்கள்.

லிங்க் விஷயத்தில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் 2021இல் வெளியிட்ட பெரிய காலநிலைக் கருத்துக்கணிப்பு, போனில் விளையாடுகிற கேம்களுக்கு நடுவே விளம்பரம் மாதிரிக் கேள்வியைப் போட்டு 50 நாடுகளில் 12 இலட்சம் பேரின் பதிலை எடுத்தது. அதில் 5 இலட்சத்துக்கு மேற்பட்டவர்கள் 18 வயதுக்குக் குறைந்தவர்கள். இளம்பிள்ளைகளைப் பிடிக்க நல்ல வழி. ஆனால் ஒட்டுசுட்டானில் பட்டன் போன் வைத்திருக்கிற ஒரு அப்புவை அது எப்படிப் பிடிக்கும்? 2024 சுற்றில் அவர்களே முறையை மாற்றி, போன் எண்களுக்கு அழைத்து 77 நாடுகளில் 73 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களைக் கேட்டார்கள், ஆள்தொகை குறைந்தாலும் இது நம்பிக்கையானது. லிங்க் வந்தால் யார் அனுப்பினார்கள், எந்தப் பல்கலைக்கழகம் என்று தெரிந்தால் நிரப்புங்கள், ஐந்து நிமிடம்தானே. தெரியாத லிங்கில் அடையாள அட்டை இலக்கம் கேட்டால் மூடிவிடுங்கள்.

ஒரு பருவம் முழுக்கக் கிழமைக்கு ஒருமுறை வட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பச் சொல்கிற ஆய்வுமுறையும் உண்டு. எழுதத் தயங்குகிறவர்களுக்கு இது வசதி, விதைத்த அன்று என்ன நினைத்தார், மழை பிந்திய அன்று என்ன நினைத்தார் என்று மனம் மாறுவதையும் பிடிக்கும். டேட்டாக் காசு அவர்கள் தர வேண்டும், அதை முதலே பேசிக்கொள்ளுங்கள். அயர்லாந்தில் 99 பேரையும் பிரான்சில் 150 பேரையும் குலுக்கல் முறையில் தெரிவுசெய்து, நிபுணர்களைக் கேட்க வைத்து, கிழமை இறுதி நாட்களில் கூடிக் காலநிலைக் கொள்கைக்குப் பரிந்துரை எழுத வைத்தார்கள். பிரான்சில் வந்தவர்களுக்கு நாட்சம்பளமும் கொடுத்தார்கள். அப்படி ஒன்று வடக்கில் எப்போதாவது வந்தால் மற்றதெல்லாவற்றையும் விட்டுவிட்டு அதற்குப் போங்கள்.

எதற்குப் போனாலும் ஒன்றை மனதில் வைத்திருங்கள்: பதிவுக்கும் ஆய்வுக்கும் வித்தியாசம் உண்டு. பெயர் எழுதினால் விதைநெல் வரும், தண்ணீர்ப் பம்ப் வரும் என்ற எதிர்பார்ப்பில் அழிவைக் கூட்டிச் சொல்கிற பழக்கம் எங்களிடம் இருக்கிறது, அது நாங்கள் பட்ட பாட்டில் வந்தது. ஆனால் கூட்டிச் சொன்ன கணக்கு நாளைக்கு மழை அளவோடு ஒத்துப்பார்க்கும்போது உதைக்கும், பிறகு உண்மையாக அழிந்த ஆண்டிலும் நம்பமாட்டார்கள். மறுபக்கம் பயமும் இருக்கிறது, யார் கேட்கிறார்கள், இது எங்கே போகும் என்று. அந்தப் பயத்தை யாரும் குறைவாக எடைபோடக் கூடாது. கருத்துக் கேட்கிற ஆய்வுக்கு உங்கள் அடையாள அட்டை இலக்கம் தேவையில்லை, இயக்க காலத்துக் கதை தேவையில்லை, வீட்டுப் படம் தேவையில்லை. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் வாசித்துக் காட்டாமல் கையெழுத்துக் கேட்டால் போடாதீர்கள். இடையில் நிறுத்தலாம், ஒரு கேள்வியை விடலாம், காரணம் சொல்லத் தேவையில்லை. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் என்று ஒன்று நாட்டில் இருக்கிறது என்பதையும் தெரிந்துவைத்திருங்கள். வருகிறவர்களுக்கு அது தெரிந்திருக்க வேண்டும்.

முடிவு திரும்பி ஊருக்கு வருமா என்ற கேள்வியை நான் எல்லாவற்றுக்கும் மேலே வைப்பேன். கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது, வவுனியாவில் பல்கலைக்கழகம் இருக்கிறது, அங்கேயிருந்து வருகிற பிள்ளைகளிடம் “முடிஞ்ச பிறகு கமக்கார அமைப்புக் கூட்டத்தில அரை மணித்தியாலம் வந்து தமிழில சொல்லுவியளோ?” என்று கேட்டால் பெரும்பாலும் ஓம் என்பார்கள். அதைச் சும்மா விடாமல் மேற்பார்வை செய்கிற விரிவுரையாளரின் போன் எண்ணோடு கூட்ட அறிக்கைப் புத்தகத்தில் எழுதிவையுங்கள். வெளிநாட்டிலிருந்து வருகிறவரென்றால் இரண்டு பக்கத்தில் தமிழ்ச் சுருக்கம் கேளுங்கள். தரமாட்டேன் என்கிறவரும் நானும் ஒரே வேலையைச் செய்யவில்லை என்று எடுத்துக்கொண்டு, என் நேரத்தை வேறொருவருக்குக் கொடுப்பேன்.

நேரத்தையும் நாங்களே சொல்லலாம், அவர்கள் சொல்கிற நாளுக்குத்தான் போக வேண்டும் என்றில்லை. புரட்டாதி ஐப்பசியில் விதைப்பு, தை மாசியில் வெட்டு, அப்போது வந்தால் ஆம்பிளைகளும் இருக்கமாட்டார்கள், வயல் வேலைக்குப் போகிற பெண்களும் இருக்கமாட்டார்கள். பங்குனி நல்லது, வெட்டின நெல்லின் விலையும் அழிவின் கணக்கும் மனதில் இருக்கும். கரையோரத்துக்கு வாடைக்காற்றில் வள்ளம் இறக்க முடியாத நாட்களில் வரச் சொல்லுங்கள். பெண்கள் குழுவைப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இருக்கிற முற்பகலில், பத்து மணியளவில் வையுங்கள், கைக்குழந்தையோடு வருகிறவருக்கு இருக்க நிழலும் பாயும் வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.